விஸ்கி பாட்டில் உத்தி, போயிங் 737 வியூகம்

கேள்வி கேட்டவர் உணவுப்பொருள் கம்பெனி ஒன்றில் ஏரியா மேனேஜர். அஞ்சல் வழியில் எம்பிஏவும் படிக்கிறார். "ஸ்ட்ராட்டஜி என்றால் நீண்டகாலம், டாக்டிக்ஸ் என்றால் குறுகியகாலம் என்று பாடத்தில் இருக்கிறது. ஆபீஸிலோ அடுத்த மூன்று மாதத்துக்கு ஸ்ட்ராட்டஜி எழுதிக் கொடு என்கிறார்கள். நான் எழுதிய ஏழு வரியில் எது எது என்று எனக்கே தெரியவில்லை. உண்மையில் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஏழு வரியையும் கூடவே அனுப்பியிருந்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சொற்களைச் சரி பண்ணிக்கொள்வோம். தமிழில் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. உத்தி என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுகிறோம். இலங்கையில் மூலோபாயம், தந்திரோபாயம் என்று இரண்டு சொல் உண்டு. அங்கேயும் ஒன்றின் நாற்காலியில் மற்றது உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் செய்தித்தாள்கள் ஸ்ட்ராட்டஜிக்கு வியூகம் என்று எழுதுகின்றன: தேர்தல் வியூகம், வியூக வகுப்பாளர். வேடிக்கை என்னவென்றால், வியூகம் என்பது களத்தில் படையை நிறுத்தும் அமைப்பு. சக்கர வியூகம், கருட வியூகம் எல்லாம் அன்றைக்கு ஒரு நாள் சண்டைக்கு ஆட்களை எப்படி அடுக்குவது என்ற விஷயம். டாக்டிக்ஸ் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கும் அடுக்குதல், ஒழுங்குபடுத்துதல் என்றுதான் பொருள். ஸ்ட்ராட்டஜியின் வேர் தளபதியைக் குறிப்பது. ஆக, டாக்டிக்ஸுக்குப் பொருந்தும் சொல்லை எடுத்து ஸ்ட்ராட்டஜிக்கு மாட்டிவிட்டோம். இனி யார் சொன்னாலும் மாறாது. ஊர் வழக்கப்படியே நானும் ஸ்ட்ராட்டஜியை வியூகம் என்றும் டாக்டிக்ஸை உத்தி என்றும் எழுதுகிறேன்.

அடுத்து அந்தப் பாடம். நீண்டகாலம், குறுகியகாலம் என்ற பிரிப்பு முழுத் தப்பில்லை, ஆனால் வேலைக்கு உதவாது. ஒன்பது வருடக் குத்தகைக்கு ஒரு குடோன் எடுக்கிறீர்கள். காலம் நீளம்தான், அதனால் அது வியூகம் ஆகிவிடுமா? மேலே இருப்பவர் செய்தால் வியூகம், கீழே இருப்பவர் செய்தால் உத்தி என்பார்கள் சிலர். எம்டியே உட்கார்ந்து தீபாவளி ஸ்கீம் போட்டாலும் அது ஸ்கீம்தான். காலத்தையும் பதவியையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கதையைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்தவரை இந்த இரண்டும் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் வேறு கதை இல்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971 ஜூன் 18 அன்று பறக்கத் தொடங்கியது. டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று ஊர், மூன்று போயிங் 737. அதற்கு முன்னாலேயே நாலு வருடம் கோர்ட்டில் போயிற்று. பிரானிஃப் உள்ளிட்ட பழைய கம்பெனிகள் இந்தப் புதுப்பையன் பறக்கவே கூடாது என்று வழக்குப் போட்டிருந்தன. வழக்கை நடத்திய வக்கீல் ஹெர்ப் கெல்லஹர் பிற்பாடு அந்தக் கம்பெனிக்கே தலைவரானார்.

பறக்கத் தொடங்கிய பிறகும் கையில் காசில்லை. 1973 பிப்ரவரியில் பிரானிஃப் ஒரு அடி அடித்தது. டல்லாஸ்-ஹூஸ்டன் டிக்கெட்டைப் பாதி விலையாக்கி 13 டாலருக்கு விற்றது. சவுத்வெஸ்டுக்கு லாபம் தந்துகொண்டிருந்த ஒரே தடம் அது. அதில் அவர்கள் கட்டணம் 26 டாலர். 13க்கு இறங்கினால் சில மாதத்தில் கடையை மூட வேண்டும். இறங்காவிட்டால் பயணிகள் போய்விடுவார்கள். பிரானிஃப் கணக்கும் அதுதான்.

சவுத்வெஸ்ட் விளம்பரம் கொடுத்தது: வெறும் 13 டாலரை வைத்து எங்களை யாரும் வானத்திலிருந்து சுட்டு வீழ்த்த முடியாது என்கிற தோரணையில். பயணிக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். 13 டாலர் கொடுத்தும் போகலாம். முழுசாக 26 டாலர் கொடுத்தால் ஒரு பாட்டில் சீவாஸ் ரீகல் விஸ்கியோ, கிரவுன் ராயலோ, ஸ்மிர்னாஃப் வோட்காவோ இலவசம். அந்தத் தடத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஆபீஸ் செலவில் போகும் ஆட்கள். டிக்கெட் காசு கம்பெனியுடையது, பாட்டில் தன்னுடையது. யார் 13 கொடுப்பான்? பெரும்பாலானவர்கள் 26 கொடுத்து பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு மாதம் டெக்சாஸில் சீவாஸ் ரீகலை அதிகம் விநியோகித்தது இந்த விமானக் கம்பெனிதான் என்ற கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அந்த வருடம்தான் சவுத்வெஸ்ட் முதன்முதலாக லாபம் பார்த்தது.

பாட்டில் என்பது சுத்தமான உத்தி. எதிராளி ஒரு அடி எடுத்து வைத்தான், பதிலுக்கு ஒரு அடி. சண்டை முடிந்ததும் பாட்டிலையும் நிறுத்திவிட்டார்கள், கம்பெனியில் வேறெதுவும் மாறவில்லை. இதைத்தான் நான் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன்: வருகிற திங்கட்கிழமை இதை நிறுத்தினால் வேறு என்னென்ன ஆட்டம் காணும்? ஒன்றும் ஆடாது என்றால் அது உத்தி.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். அவர்கள் 737 என்ற ஒரே வகை விமானத்தை மட்டுமே வைத்துக்கொள்வது என்று இருந்தார்கள். நடுவில் சில காலம் ஒன்றிரண்டு 727களைக் குத்தகைக்கு ஓட்டியதைத் தவிர, ஐம்பது வருடத்துக்கு மேலாக அதுதான் வழக்கம். அதை வருகிற திங்கட்கிழமை நிறுத்திப் பாருங்கள். எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்பது போயிற்று. உதிரிப்பாகம் ஒரே வகை என்பது போயிற்று. ஒரு விமானம் பழுதானால் வேறொன்றை அப்படியே அதன் இடத்தில் நிறுத்தலாம் என்பதும் போயிற்று. 2011இல் ஏர்டிரான் கம்பெனியை சவுத்வெஸ்ட் வாங்கியபோது அதனோடு 88 போயிங் 717 விமானங்கள் வந்தன. நல்ல விமானங்கள்தான், ஓட்டியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் டெல்டா ஏர்லைன்ஸுக்குக் குத்தகைக்குத் தள்ளிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளையே வேண்டாம் என்று அனுப்புகிற இடத்தில்தான் வியூகம் வெளியே தெரிகிறது.

இதுதான் என் இரண்டாவது சோதனை. எதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், அந்த வேண்டாம் நமக்கு வலிக்கிறதா? அந்நாளைய சவுத்வெஸ்டில் உணவு கிடையாது, இருக்கை எண் கிடையாது, பெரிய மையம் ஒன்றில் எல்லோரையும் கூட்டி அங்கிருந்து பிரித்து அனுப்பும் முறை கிடையாது. ஒவ்வொரு கிடையாதுவிலும் சில பயணிகள் போய்விடுவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். "தரமே நம் வியூகம்", "வாடிக்கையாளரே நம் வியூகம்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் ஆபீஸ்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கத்தை எவனாவது தேர்ந்தெடுப்பானா? தரக்குறைவே நம் வியூகம் என்று யார் எழுதுவார்? யாரும் மறுக்க முடியாத வாசகம் நல்ல எண்ணமாக இருக்கலாம், வியூகம் ஆகாது.

இதற்கு நடுவில் ஒரு சிக்கலான விஷயம் இருக்கிறது. பாடத்தில் இது வராது, ஆனால் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

1972இல் சவுத்வெஸ்டிடம் நாலு விமானம் இருந்தது. பணத் தட்டுப்பாட்டில் ஒன்றை விற்றார்கள். ஆனால் நாலு விமானத்துக்குப் போட்டிருந்த கால அட்டவணையைக் குறைக்க மனமில்லை. மூன்றை வைத்து நாலின் வேலையை எப்படிச் செய்வது? தரைப்பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பில் ஃபிராங்க்ளின், விமானம் வந்து நின்ற பத்து நிமிடத்தில் திரும்பக் கிளம்பினால் முடியும் என்றார். மற்ற கம்பெனிகள் அதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட காலம். ஆட்கள் இறங்க இறங்கவே சுத்தம் செய்தார்கள், முன் வாசல் வழியே இறங்கும்போதே மூட்டைகளை மாற்றினார்கள். நடந்தது.

அந்த நாளில் அது உத்திதான். விமானம் விற்ற ஓட்டையை அடைக்க ஒரு ஒட்டு. வேறு பெருந்திட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஓட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. அதற்கப்புறம் மற்றதெல்லாம் இந்தப் பத்து நிமிடத்தைச் சுற்றி வந்து பின்னிக்கொண்டது. உணவு ஏற்றினால் நேரமாகும், ஆகவே கடலை மட்டும். இருக்கை எண் பார்த்துத் தேடினால் நேரமாகும், ஆகவே கிடைத்த இடத்தில் உட்கார். நெரிசலான பெரிய நிலையத்தில் காத்திருக்க வேண்டும், ஆகவே ஊருக்குள் இருக்கும் சின்ன நிலையம். 1974இல் டல்லாஸுக்குப் புதிய பெரிய விமான நிலையம் திறந்து மற்றவர்கள் எல்லாம் அங்கே போனபோது, இவர்கள் மட்டும் பழைய லவ் ஃபீல்டை விட்டு நகர மாட்டோம் என்று கோர்ட்டில் நின்று ஜெயித்தார்கள். அதற்காக 1980இல் ஒரு சட்டமே வந்தது: லவ் ஃபீல்டிலிருந்து டெக்சாஸுக்கும் அதை ஒட்டிய மாநிலங்களுக்கும் மட்டுமே பறக்கலாம் என்று. அந்தக் கட்டு முழுசாக அவிழ 2014 வரை ஆயிற்று. வலிக்கும் வேண்டாம் என்றேனே, அது இந்த அளவு வலி.

ஆக, வியூகம் முதலில் மேலே பிறக்கும், அதிலிருந்து உத்திகள் கீழே இறங்கும் என்ற படத்தை நம்பாதீர்கள். பல நேரம் தலைகீழாகத்தான் நடக்கிறது. நெருக்கடியில் எவனோ ஒரு தரைப்பணி அதிகாரி ஒரு ஒட்டுப் போடுகிறான். அதில் ஒரு உண்மை இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குக் கண் தெரிந்தால் அது வியூகமாக வளர்கிறது. கண் தெரியாவிட்டால் அடுத்த விமானம் வாங்கியதும் பத்து நிமிடப் பழக்கமும் போயிருக்கும்.

மூன்றாவது சோதனையையும் இந்தக் கதையிலேயே எடுக்கலாம். 1993இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் தன் பெயரிலேயே கான்டினென்டல் லைட் என்று ஒரு மலிவுச் சேவை ஆரம்பித்தது. சவுத்வெஸ்ட் மாதிரியே உணவு கிடையாது, கட்டணம் குறைவு, நிறைய சர்வீஸ். பார்வைக்கு எல்லாம் அதே. ஆனால் கான்டினென்டலின் பழைய முழுச் சேவையும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. டிராவல் ஏஜென்ட் கமிஷனை விட முடியவில்லை. அடிக்கடி பறப்பவர்களுக்கான சலுகைப் புள்ளியையும் விட முடியவில்லை. மையத்தில் மூட்டை மாற்றிக் காத்திருக்கும் விமானங்களோடு இதையும் ஓட்டியதால் நேரம் தவறியது. இரண்டே வருடத்தில் மூடினார்கள். ஆழத் தண்ணீரில் முதலைக்கு எதிரே யாரும் நிற்க முடியாது; அதே முதலை கரையேறினால் நாய்கூட விரட்டும் என்பார்களே, அதுதான். உங்கள் உத்தியைப் போட்டியாளர் மறுநாளே காப்பியடிக்கலாம், அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிரானிஃபும் வேண்டுமானால் பாட்டில் கொடுத்திருக்கலாம். வியூகத்தைக் காப்பியடிக்க வேண்டுமானால் அவர் தன்னுடைய எதையோ உடைக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க விமானம் எதற்கு, நம் ஊர்ச் சரக்குக்கு வாருங்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி, ஷாம்பூ.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ ஆரம்பித்தார். அதுதான் பின்னால் கெவின்கேர் ஆனது. அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் வாங்கும் பொருளை ஏழையும் வாங்கும் அளவில் சாஷே என்கிற சின்னப் பாக்கெட்டில் போட வேண்டும் என்று முனைந்தவர். சிக் என்ற பெயரே அவர் பெயரின் எழுத்துகளிலிருந்து வந்ததுதான். அண்ணன்மார் ஏற்கெனவே வெல்வெட் சாஷே விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகள் நகரத்துக் கடையில் பாட்டிலை வைத்திருந்தன.

சிக்கின் வியூகம் என்ன? தலைக்கு சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்த தென்னிந்தியக் கிராமத்து ஆட்களிடம் போவது. ஏற்கெனவே ஷாம்பூ போடுகிறவர்களைப் பிடித்து இழுப்பது அல்ல. அங்கே பாட்டில் விற்காது, நகரத்து விளம்பரம் போய்ச் சேராது. எனவே ஊர் ஊராகப் போய் ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். கூடியிருப்பவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டினார்கள்.

அதற்குள்ளே ஓர் உத்தி வருகிறது. எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம். மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், அடுத்தவன் சரக்கு விற்றாலும் நாம் பரிசு கொடுக்கிறோம். ஆனால் சாஷே வாங்கும் ஆட்கள் எல்லாரும் ஒரு தடவை சிக்கைத் தலையில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பழக்கம் வந்த பிறகு விதியை மாற்றினார்கள்: இனி ஐந்து சிக் காலி சாஷேக்குத்தான் ஒரு சிக். கடையில் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சம் ரூபாய்க்குப் போனதாக ரங்கநாதனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை, ரோஜா மணம் வந்தது, நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். 1999இல் ஐம்பது காசு சாஷே.

காலி சாஷே திட்டத்தை நகரத்துப் பாட்டில் கம்பெனி எடுத்துச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. அதன் ஆட்கள் சாஷே வாங்குவதில்லை. நல்ல உத்திக்குத் தனியாக விலை கிடையாது. அது எந்த வியூகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை. நம் விற்பனை மேனேஜர்கள் போட்டியாளர் ஸ்கீமை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பி "நாமும் போடணும் சார்" என்பதில் எனக்குள்ள கோபமெல்லாம் இதனால்தான்.

எதிராளி அடித்த அடிக்கு உத்தியில் பதில் சொல்வதா, வியூகத்தில் பதில் சொல்வதா என்பதற்கும் ஓர் இந்தியக் கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா பவுடரைக் கிலோ மூன்று ரூபாய் அளவில் சைக்கிளில் வைத்து விற்க ஆரம்பித்தார். சர்ஃப் விலை அதைப்போல நாலு மடங்குக்கு மேல். சர்ஃபைத் தயாரித்த ஹிந்துஸ்தான் லீவர் பல வருடம் அதைப் பொருட்படுத்தவில்லை. நிர்மா வளர்ந்து நின்றதும் லலிதாஜி விளம்பரம் வந்தது: அரை கிலோ சர்ஃப், ஒரு கிலோ மலிவுப் பவுடருக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கறாரான குடும்பத்தலைவி. அருமையான விளம்பரம், சர்ஃபைக் காப்பாற்றியது. ஆனால் நிர்மா வாங்குகிறவரிடம் அந்த அரை கிலோவுக்கே மொத்தமாகக் கொடுக்கக் காசில்லை, அவருக்கு லலிதாஜி சொல்வது காதில் ஏறவில்லை. 1980களின் கடைசியில்தான் லீவர் வீல் பவுடரைக் கொண்டுவந்தது. அதற்காகத் தன் வழக்கமான பெரிய ஆலையையும் பெரிய லாப விகிதத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியே சின்ன உற்பத்தியாளர்களிடம் செய்து வாங்கி, சின்னக் கடைகள் வரை போனது. லலிதாஜி உத்தி. வீல் வியூகம். முதலாவதற்கு விளம்பர கம்பெனி போதும், இரண்டாவதற்குக் கம்பெனியே தன் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது.

இனி என் சொந்தக் கதை. பெயர் வேண்டாம். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு காபித்தூள் கம்பெனியில் சேல்ஸில் இருந்தேன். முதலாளிக்கு வியூகம் என்ற சொல்லே தெரியாது, ஆனால் வியூகம் இருந்தது. வறுத்து அரைத்துப் பதினைந்து நாளுக்குள் தூள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்காக நாலு மாவட்டத்தைத் தாண்டிப் போக மாட்டார். மொத்தக் கடைக்குக் கொடுக்க மாட்டார், அவர்கள் அடுக்கி வைத்துவிடுவார்கள் என்று. கடைக்கு வாரம் இரண்டு தடவை லைன் (கடை கடையாகச் சரக்கு போடும் சுற்று), தடவைக்கு ஒரு கட்டு. கடைக்காரர் ஐந்து கட்டு கேட்டாலும் ஒரு கட்டுதான். எங்களுக்கு எரிச்சலாக வரும். கேட்கிற கடைக்காரனுக்குச் சரக்கு இல்லை என்று சொல்கிற சேல்ஸ்மேனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பையன் படித்துவிட்டு வந்தார், கூடவே வெளியிலிருந்து ஒரு சேல்ஸ் ஹெட்டும் வந்தார். இருவருமே கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். மாதக் கடைசியில் டார்கெட் நிறையாவிட்டால் பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று, கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் ஸ்டாக்கிஸ்டுகளுக்கு ஸ்கீம் விடுவார்கள். சரக்கு ஏறும், டார்கெட் நிறையும். அடுத்த மாத முதல் வாரம் ஆர்டரே இருக்காது, ஏனென்றால் குடோன் நிறைந்திருக்கும். ஆகவே கடைசி வாரம் மறுபடி ஸ்கீம். ஒவ்வொரு ஸ்கீமும் தனியாகப் பார்த்தால் வெற்றிதான். சுற்றறிக்கையை டைப் அடித்ததே நான்தான், போனஸும் வாங்கினேன். ஸ்டாக்கிஸ்ட் குடோனில் நாற்பது நாள், கடையில் இருபது நாள் என்று தூள் கிடக்க ஆரம்பித்தது. அம்மாக்கள் கடையில் "முன்ன மாதிரி மணம் இல்லையே" என்று சொன்னது எங்கள் ரிப்போர்ட்டில் வருவதற்கு ஒரு கட்டம் கிடையாது. எந்த மீட்டிங்கிலும் யாரும் பதினைந்து நாள் விதியைக் கைவிடுவோம் என்று முடிவு எடுக்கவில்லை. முடிவு எடுக்காமலே அது போயிற்று. பெரியவர் ஒரு நாள் ஸ்டாக்கிஸ்ட் குடோனுக்கு வந்து ஒரு பெட்டியைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கார் ஏறினார்.

உத்தி தவறினால் அந்த மாதமே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். உத்தி ஜெயித்துக்கொண்டே வியூகத்தைத் தின்றால் கணக்கு அறிக்கையில் அது நல்ல செய்தியாகத்தான் தெரியும்.

சவுத்வெஸ்டும் இந்த இடத்தில்தான் இப்போது நிற்கிறது. 1973 முதல் 2019 வரை ஒரு வருடம் விடாமல் லாபம். கொரோனா வந்த 2020இல் அந்த வரிசை முறிந்தது. 2022 டிசம்பரில் ஒரு பனிப்புயலுக்குப் பிறகு மற்ற கம்பெனிகள் இரண்டொரு நாளில் எழுந்துவிட்டன. இவர்கள் மட்டும் பத்து நாளில் சுமார் 16,700 சர்வீஸை ரத்து செய்தார்கள். ஊரிலிருந்து ஊருக்கு நேராகப் பறக்கும் முறையில் பைலட்டும் பணியாளரும் நாடெங்கும் சிதறிக் கிடப்பார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று பழைய மென்பொருளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியூகம் சரியாக இருந்தும் அதைத் தாங்க வேண்டிய அன்றாடக் கருவிக்குப் பல வருடம் காசு செலவழிக்காமல் விட்டதன் விலை. அப்புறம் முதலீட்டாளர்களின் நெருக்குதல். 2025 மே 28 முதல் எடுக்கும் டிக்கெட்டுகளுக்கு, பெரும்பாலான பயணிகளின் மூட்டைக்குக் கட்டணம். 2026 ஜனவரி 27 முதல் இருக்கை எண்.

இது உத்தியா, வியூக மாற்றமா? மூட்டைக் கட்டணம் என்பது ஒரு கட்டண வரிதானே, நாளைக்கே எடுத்துவிடலாம் என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டணம் வந்தால் எல்லோரும் பெட்டியைக் கையோடு உள்ளே இழுத்து வருவார்கள், மேல்தட்டில் இடம் தேடுவார்கள், ஏறும் நேரம் கூடும். எந்த நேரத்தைச் சுற்றி அந்தக் கம்பெனி பின்னப்பட்டதோ அந்த நேரம். ஒரு நூலை உருவும்போது எது எது கூட வருகிறது என்று பார்த்தால் போதும். எண்ணிக்கைகள் நன்றாகவே வரக்கூடும். ஆனால் அது பழைய சவுத்வெஸ்டின் உத்தி என்று யாரும் சொல்ல வேண்டாம், வேறொரு கம்பெனியாக மாறும் முடிவு அது.

சரி, உங்கள் ஏழு வரி. மொத்தக் கடைக்குப் பத்துக்கு ஒன்று இலவசம், சனிக்கிழமை கூடுதல் லைன், பஸ் ஸ்டாண்டில் பேனர், இரண்டு சேல்ஸ்மேன் கூடுதல், சாம்பார் பொடிக்குப் பத்து ரூபாய் பாக்கெட், கடன் நாட்களை 14லிருந்து 21 ஆக்குவது. இந்த ஆறும் உத்திகள். பத்து ரூபாய் பாக்கெட்டில் மட்டும் ஒரு சந்தேகம்: அது ஏற்கெனவே ஐம்பது ரூபாய் பாக்கெட் வாங்குகிறவருக்கா, இதுவரை பொடியே வாங்காமல் வீட்டில் அரைக்கிறவருக்கா? இரண்டாவது என்றால் அதன் பின்னால் ஒரு வியூகம் இருக்கலாம், ஆனால் அதை நீங்கள் எழுதவில்லை. மொத்தக் கடை ஸ்கீமை விடுவதற்கு முன்னால் உங்கள் பொடி எத்தனை நாள் மணத்தோடு இருக்கும் என்று உற்பத்திப் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். காபித்தூள்காரன் சொல்கிறேன்.

ஏழாவது வரியைப் பேருக்கு எழுதின மாதிரி கடைசியில் போட்டிருக்கிறீர்கள்: "மெஸ், கேன்டீன்களுக்கு நேரடி சப்ளை, முடிந்தால்." அந்த முடிந்தால் இருக்கும்வரை அதுவும் உத்திதான், ஒரு கூடுதல் பில். அதை எடுத்துவிட்டு யோசியுங்கள். மெஸ்காரருக்கு ஒரு கிலோ பாக்கெட் வேண்டாம், பத்து கிலோ மூட்டை வேண்டும். அட்டையில் படம் வேண்டாம், மாதம் முழுக்க ஒரே காரம் வேண்டும். காலை ஐந்து மணிக்குத் தீர்ந்தால் ஆறு மணிக்கு வேண்டும். அதற்கு வேறு பேக்கிங், வேறு வண்டி, வேறு கடன் விதி, கடை லைனில் இல்லாத வேறு மாதிரி ஆள் தேவை. உங்கள் ஸ்டாக்கிஸ்ட் தன்னைத் தாண்டி நேராகப் போவதைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். உங்களிடம் இருப்பது நாலு வண்டி. அதில் இரண்டை மளிகைக் கடை லைனிலிருந்து எடுத்து மெஸ் பக்கம் திருப்ப நீங்கள் தயாரா, அதனால் கடை விற்பனை விழும் மூன்று மாதத்துக்கு உங்கள் மேலதிகாரி கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். அவர் உடனே தயங்கினால் நல்ல அறிகுறி; விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, பண்ணலாமே, மத்த ஆறும் அப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தபடி சொன்னால் அந்த ஏழாவது வரியை அடித்துவிட்டு, மேலே ஸ்ட்ராட்டஜி என்று போட்டிருக்கும் தலைப்பையும் மூன்று மாத வேலைத் திட்டம் என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.